இரண்டு வயிற்று எழுத்து

மாவட்ட நீர்ப்பாசனத் தலைவரின் நாற்காலி காலியான நாளிலிருந்து மத்கரிமின் நடையே மாறிவிட்டது. வயிறு முன்னால் போகும், அவர் பின்னால் போவார். கும்யாப் வாய்க்காலின் தலைமதகுக்கு அவர்தான் பொறுப்பாளர். மதகைத் திறக்கவோ மூடவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைக்கும் அதிகாரம் மட்டும் உண்டு. அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டே சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேரை எழுந்து நின்று சலாம் வைக்கப் பழக்கியிருந்தார். உஸ்பெக் மக்களின் கொரெஸ்ம் சீமையில் தண்ணீர்ப் பக்கத்தில் நிற்பவனுக்கு எப்போதுமே ஒரு மரியாதை.

இந்த வருடம் அவருக்கு யோகமும் அடித்தது. தலைநகரத்திலிருந்து ஒரு கருவி வந்து இறங்கியது. வாய்க்காலின் மேல் ஒரு கம்பத்தில் தொங்கிக்கொண்டு, தண்ணீர் எவ்வளவு ஓடுகிறதென்று கணக்குப் பார்த்துச் சொல்லும். ஆனால் அது பேசுகிற பேச்சு கம்ப்யூட்டருக்குப் புரியாது. நடுவில் துபாஷி வேலை பார்க்கத் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பாவும் கூட வந்தது. எல்லோரும் அதைக் கன்வர்ட்டர் என்றார்கள். காகிதத்தில் 'தொடர் இடைமுக மாற்றி' என்று போட்டிருந்ததால் மத்கரிம் மட்டும் அப்படித்தான் சொல்வார். சொல்லிவிட்டு எதிரே நிற்பவனுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் ஒரு நிமிடம் ஆனந்தமாக இருப்பார்.

மாவட்டத்தை ஆளும் ஹோகிமே வந்து அதைத் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. அன்று காலை மத்கரிம் புது டையை இறுக்கிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து மனைவி அனாஜான் போன் செய்தாள். கும்யாப் கிராமம் வாய்க்காலின் கடைக்கோடியில் இருந்தது. அங்கேதான் அவருடைய வீடு, வயல், சண்டைக்கு நிற்கும் மச்சான்கள் எல்லாம்.

"ஏங்க, நெல்லு சாக்குக்குள்ளயே முளைச்சு நிக்குது. நாளைக்குள்ள தண்ணியில வெதைக்கலன்னா அழுகிப் போயிடும். வயலு வெடிச்சுக் கெடக்கு. ஊர்ல எல்லாருக்கும் இதே கதிதான். உங்க புருஷன் தண்ணி ஆபீஸ்ல தானே இருக்காருன்னு எம் மூஞ்சிக்கு நேராவே கேக்கறாளுங்க."

"இன்னைக்கு எல்லாம் முடிஞ்சிடும், பொறு. ஏட்டுல கும்யாப்புக்கு நொடிக்குப் பன்னெண்டு கியூப் மீட்டர்னு எழுதியிருக்கு. ஓடுறது நாலு. ஹோகிம் வந்து திரையில நாலுன்னு கண்ணால பாக்கட்டும். மிச்ச எட்டு எங்கடான்னு அவரே கத்துவாரு. நின்ன நிலையில மதகத் தெறக்கச் சொல்லுவாரு பாரு."

"அத இத்தன நாளா நீங்களே அவர்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா அது புகாரு. மெஷின் சொன்னா அது டிஜிட்டல்."

அனாஜான் மறுமுனையில் பெருமூச்சு விட்டாள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் இந்த மாதிரி வசனங்களை நிறையக் கேட்டிருந்தாள். "சரி, பாத்துச் செய்யுங்க. விழாவ நேரலையில போடறாங்களாம், நாங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருப்போம்" என்று வைத்துவிட்டாள்.

மதகடியில் ஒரு வாரமாகவே ஏகப்பட்ட அமர்க்களம். மரங்களுக்கு இடுப்பு வரை சுண்ணாம்பு அடித்தாயிற்று. கழிப்பறைக்குக் கதவு வந்துவிட்டது, தண்ணீர்தான் வரவில்லை. ஹோகிம் கார் நிற்கும் இடத்திலிருந்து மதகறைவரைக்கும் மட்டும் தார் போட்டிருந்தார்கள், அதற்கு அப்பால் பழைய குண்டும் குழியும்தான். லஸ்கி நடனம் ஆடும் பெண்கள் காலையிலேயே வேனில் வந்து இறங்கி, கம்பளித் தொப்பிக்குள் வேர்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய கொப்பரையில் ஆட்டுக்கறிப் புலாவ் வெந்துகொண்டிருந்தது. இத்தனையும் முடித்தவர்களுக்குக் கன்வர்ட்டரை இணைக்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை. அதை விழாவன்று காலைக்கு வைத்திருந்தார்கள். மூன்று வயர்தானே, என்ன பெரிய வேலை என்று மத்கரிமே சொல்லியிருந்தார்.

அளவுக் கம்பம் மதகறையிலிருந்து கூப்பிடு தூரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் நின்றது. அதன் அடியில் ஒரு இரும்புப் பெட்டி. கருவியின் வயர்களும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் சூரியத் தகட்டின் பேட்டரி வயர்களும் அதற்குள்தான் வந்து சேரும். அங்கே சோஹிப்ஜமால் குந்தியிருந்தாள். மதகில் நீர் அளக்கும் தொழில்நுட்பப் பணியாளர்; கல்லூரி முடித்து இரண்டு வருடமாகிறது; வாய் கொஞ்சம் நீளம். மத்கரிம் மதகறையில் கன்வர்ட்டருக்கு முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் காதிலும் போன்.

இங்கே எழுத்துச் சங்கதி ஒன்று உண்டு. மத்கரிம் பள்ளிக்கூடம் போன காலத்தில் உஸ்பெக் மொழியை ரஷ்ய எழுத்தில் எழுதினார்கள். சோஹிப்ஜமால் போன காலத்தில் லத்தீன் எழுத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒரே மொழி, ஒரே வீடு, ஆனால் அப்பன் எழுதிய கடைச்சீட்டை மகள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அந்த இரண்டு எழுத்துமுறையிலும் ஒரு எழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வயிறு வைத்திருக்கும். அது லத்தீனில் 'பே'. ரஷ்ய எழுத்தில் அதே உருவம் 'வே'. அப்படியானால் பழையவர்கள் 'பே'க்கு என்ன செய்தார்கள் என்றால், அதற்குத் தனி உருவம்: ஒற்றை வயிறு, தலையில் ஒரு தொப்பி.

கன்வர்ட்டரில் புதிய எழுத்தில் ஆ, பே, கெ என்று அச்சடித்திருந்தது. அங்கிருந்து கிளம்பும் மூன்று வயர்களையும் கம்பத்துப் பெட்டியில் அதே எழுத்துள்ள இடத்தில் மாட்ட வேண்டும். கம்பத்துப் பெட்டியைச் செய்த பட்டறைக்காரரோ பழைய ஆள். தூரிகையால் வரிசையாக ஆ, பே, வே, கெ என்று நான்கையும் பழைய எழுத்தில் எழுதியிருந்தார். முதல் இரண்டும் கருவி பேசும் வயர்கள். கடைசி இரண்டும் பேட்டரி.

"ஆ-வுல வெள்ளை வயரு மாட்டிட்டேன் அகா. அடுத்தது?" என்றாள் சோஹிப்ஜமால். மூத்தவர்களை அங்கே 'அகா', அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பே. பழுப்பு வயரு."

சோஹிப்ஜமாலின் கை நேராகத் தொப்பி வைத்த எழுத்துக்குப் போனது. பழைய ஆள் சொன்னால் பழைய பே-யாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். அதுதான் சரியான இடம். வயரை வைத்துத் திருகை ஒரு சுற்றுச் சுற்றியும்விட்டாள். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அன்று இரண்டு பேரையும் பொறுப்புணர்ச்சி பிடித்து ஆட்டியது.

"அகா, ஒண்ணு கேட்டுக்கறேன். நீங்க உங்க காலத்துப் பே-யச் சொல்றீங்களா, எங்க காலத்துப் பே-யா?"

"என்னம்மா, எனக்குப் புது எழுத்துத் தெரியாதுன்னு நெனச்சியா? மூணு மாசம் பயிற்சிக்குப் போய் சான்றிதழே வாங்கியிருக்கேன்."

"கோவிச்சுக்காதீங்க. தொப்பி வெச்ச பே-யா, ரெண்டு வயித்துப் பே-யா, அத மட்டும் சொல்லுங்க."

மத்கரிம் குனிந்து கன்வர்ட்டரை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவையும் பார்த்தார். சந்தேகமே இல்லை.

"ரெண்டு வயிறு. நல்லா கொழுத்த வயிறு."

"நல்ல வேளை கேட்டேன்! தப்பா மாட்டியிருப்பேன்" என்றாள் சோஹிப்ஜமால். சரியான இடத்தில் இருந்த வயரைக் கழற்றி, பேட்டரி ஏறும் இடத்தில் மாட்டி இறுக்கினாள்.

"அதான், எதையும் கேட்டுக் கேட்டுச் செய்யணும்கறது" என்றார் மத்கரிம். அவருக்கு அவள்மேல் அன்றுதான் முதல்முறையாக ஒரு நல்ல எண்ணம் வந்தது.

மிச்சம் இருந்த கெ-யில் இரண்டு தலைமுறைக்கும் சண்டை இல்லை. பழைய கெ தூக்குமரம் மாதிரி நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நீல வயரை அதில் சரியாக மாட்டினார்கள். சரியாகச் செய்த அந்த ஒன்றுதான் சுற்றைப் பூர்த்தி செய்தது. சோஹிப்ஜமால் சுவிட்சைப் போட்டதும் இருபத்துநான்கு வோல்ட்டும் நேராகக் கன்வர்ட்டரின் வாயில் இறங்கியது. பாவம், ஐந்து வோல்ட்டில் பேசிப் பழகிய ஜீவன். 'டப்' என்று ஒரு சத்தம், காது முளைத்த மாதிரி இரண்டு பக்கமும் மெல்லிய புகை, எரிந்த பிளாஸ்டிக் நாற்றம்.

"அகா, நம்பர் வருதா?"

"புகை வருது!"

அவள் ஓடிவந்தாள். இருவரும் கருகிய டப்பாவைச் சுற்றி நின்றார்கள். யார் தப்பு என்ற விசாரணை உடனே ஆரம்பமானது. 'நீங்க பாத்துத்தானே ரெண்டு வயிறுன்னு சொன்னீங்க' என்றாள் அவள். 'வயிறு இருந்துச்சு, சொன்னேன்' என்றார் அவர். 'உங்க எழுத்தால வந்த வினை' என்றாள். 'நீங்க வந்து மாத்தலன்னா எழுத்து எழுத்தாவே இருந்திருக்கும்' என்றார். எழுத்தை மாற்றியது சோஹிப்ஜமால் இல்லை, அப்போது அவள் பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அவள்தான் கைக்கு எட்டினாள்.

மாற்று டப்பா தலைநகரத்தில்தான் கிடைக்கும். ஹோகிம் பக்கத்து ஊரில் ஒரு பாலத்துக்கு ரிப்பன் வெட்டிவிட்டுக் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தது. மத்கரிம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போன மாதம் பள்ளிக்கூட விழாவில் குழாயைத் திருகித் தண்ணீர் வரவில்லை என்று தலைமையாசிரியரை மாலையும் கழுத்துமாக அங்கேயே வேலையை விட்டு அனுப்பிய மனிதர் ஹோகிம்.

"அழாதீங்க அகா. கம்ப்யூட்டர்ல சோதனைக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல நாம எந்த நம்பரத் தட்டினாலும் திரையில பெருசா வரும். மெஷின் சொல்ற மாதிரியே இருக்கும்" என்றாள் சோஹிப்ஜமால்.

"நான் எங்க அழுதேன்? புகை."

"நாலுன்னு தட்டுங்க. இப்பத்தான் கம்பத்துல அளவுக்கோட்டப் பாத்துட்டு வரேன், நாலுதான் ஓடுது. மெஷின் உசிரோட இருந்திருந்தாலும் அதத்தானே சொல்லியிருக்கும்? இதுல பொய்யே இல்ல."

மத்கரிம் நாலு என்று தட்டினார். சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் ஒற்றை நாலு வந்து நின்றது. கருவி சொல்கிற நாலுக்குக் கருவி பொறுப்பு. இந்த நாலுக்கு யார் பொறுப்பு? 'மிச்ச எட்டு எங்கடா' என்று ஹோகிம் கத்தும்போது கருவியைப் பார்த்துக் கத்துவார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். இப்போது தன் முகத்தைத் தவிர அங்கே கத்துவதற்கு வேறு முகம் இல்லை. காலியாக இருக்கும் நாற்காலியும் ஞாபகம் வந்தது. ஊரில் முளைவிட்டு நிற்கும் நெல்லும் ஞாபகம் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, பயந்தாங்கொள்ளி.

நாலை அழித்துவிட்டுப் பன்னிரண்டு என்று தட்டினார்.

"அகா! உங்க ஊர் வாயிலயே மண்ணப் போடுறீங்களே!"

"சும்மா இரு. விழா நல்லபடியா முடியட்டும். நாற்காலி வந்துட்டா எல்லா ஊருக்கும் நானே தண்ணி விடுவேன்." கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பன்னெண்டுன்னா மொட்டையா இருக்கு" என்று பதினொன்று புள்ளி எட்டு ஆக்கினார். பொய்க்கு ஒரு புள்ளி வைத்துவிட்டால் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதை அவர் வேலையில் சேர்ந்த புதிதிலேயே கற்றுக்கொண்டிருந்தார்.

ஊதுகுழல்கள் முழங்கின. கம்பளித் தொப்பிப் பெண்கள் தோளைக் குலுக்கி ஆடினார்கள். ஹோகிம் ரிப்பனை வெட்டினார், ரொட்டியைப் பிட்டு உப்பில் தொட்டுக்கொண்டார், அறைக்குள் வந்தார். பின்னாலேயே கேமராக்காரர்கள் இருவர். மத்கரிம் தொடர் இடைமுக மாற்றியைப் பற்றி மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். அந்த மாற்றி அப்போது அவருடைய கோட்டுப் பைக்குள் கருகிக் கிடந்தது.

ஹோகிம் திரையையே வெகுநேரம் பார்த்தார்.

"பதினொண்ணு புள்ளி எட்டு. இது கும்யாப்புக்குப் போற தண்ணியா?"

"ஆமாங்க. இந்த நொடியில போறது."

"பாத்தீங்களா!" ஹோகிம் கேமரா பக்கம் திரும்பினார். "இந்தக் கும்யாப்காரங்க தண்ணி இல்ல, தண்ணி இல்லன்னு மேலிடம் வரைக்கும் மனு போட்டு என் மானத்த வாங்கினாங்க. நானும் பாவம்னு நம்பினேன். இவ்வளவு தண்ணிய வெச்சுக்கிட்டு அழுதிருக்கானுங்க! மெஷின் பொய் சொல்லுமா?"

"சொல்லாதுங்க" என்றார் மத்கரிம். வேறு என்ன சொல்வார்.

"அந்தப் பக்கம் பருத்திக்காரங்க கேட்டுக்கிட்டு இருக்காங்க. கும்யாப்புக்குப் பாதி போதும். வாங்க, மக்கள் முன்னாடியே மூடிடலாம். நீங்களே சுத்துங்க. உங்க மாதிரி ஆளுங்கதான் நாளைக்குப் பெரிய பொறுப்புல இருக்கணும்."

நாற்காலியின் பேச்சு வந்துவிட்டது. இத்தனை நாள் அந்த வார்த்தைக்காகத் தவம் கிடந்த மனிதர் அதைக் கேட்டதும் புது டையைத் தளர்த்திக்கொண்டார். வெளியே மதகின் இரும்புச் சக்கரத்துக்கு முன்னால் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஜன்னல் வழியே பெரிய திரை தெரிந்தது. கம்ப்யூட்டர் முன்னால் சோஹிப்ஜமால் உட்கார்ந்திருந்தாள். மத்கரிம் அவளைப் பார்த்த பார்வையில், வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு கெஞ்சல் இருந்தது.

அவள் புரிந்துகொண்டாள். அவர் சக்கரத்தை அரைச் சுற்றுத்தான் சுற்றியிருப்பார், அதற்குள் அவள் கிடுகிடுவென்று ஒன்பது, ஏழு, ஆறு என்று தட்டிவிட்டாள். சீக்கிரம் குறைத்துக் காட்டினால் சீக்கிரம் நிறுத்தச் சொல்வார்கள், கொஞ்சம் தண்ணீராவது மிஞ்சும் என்பது அவள் கணக்கு. பெரியவர்கள் விஷயத்தில் இந்த மாதிரிக் கணக்கெல்லாம் பலிப்பதில்லை.

"அடேயப்பா!" என்று ஹோகிம் கைதட்டினார். "தொட்டதும் குறையுது பாருங்க! இதான் தொழில்நுட்பம்! இன்னும் சுத்துங்க, இன்னும். மூணு ஆகட்டும். மூணே அவங்களுக்கு ஜாஸ்தி."

மத்கரிம் சுற்றினார். தானே வருடம் தவறாமல் எண்ணெய் போட்ட சக்கரம், வெண்ணெயாகச் சுழன்றது. உண்மையில் ஓடிய நாலு கியூப்பும் மதகுப் பலகைக்குக் கீழே நசுங்கி, ஒரு ஆள் தாண்டும் ஓடையாக மாறிக்கொண்டிருப்பது அவருக்கு மேலிருந்தே தெரிந்தது. உள்ளே சோஹிப்ஜமால் ஐந்து வரைக்கும் தட்டிப் பார்த்தாள்; இனி எதைத் தட்டினாலும் இன்னும் குறைக்கத்தான் சொல்வார்கள் என்று கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரை ஐந்திலேயே நின்றது. ஐந்தில் நிற்பதால் இன்னும் சுற்றச் சொன்னார்கள். அவர் இன்னும் சுற்றினார்.

அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்காமல் விட்டார். அது நிற்கவில்லை.

"எடுங்க, எடுங்க" என்றார் ஹோகிம், நல்ல மனநிலையில் இருந்ததால். "வீட்டுலயா? நேரலையில பாத்திருப்பாங்க."

ஒரு கையைச் சக்கரத்தில் வைத்தபடியே மத்கரிம் போனைக் காதில் வைத்தார்.

"உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள் அனாஜான். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. நேரலை பார்க்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் வீடு நிறைய இருந்தும் யாரும் பேசவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. "அந்தச் சக்கரத்த எந்தப் பக்கம் சுத்துறீங்க?"

மத்கரிம் ஹோகிமைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். கேமராவுக்குள்தான் அவளும் இருந்தாள்.

"மூடுற பக்கம்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"சரி. அப்ப சாக்குல இருக்கற நெல்ல மாட்டுக்குக் கொட்டிடறேன்."

"என்ன சொல்றாங்க வீட்டுல?" என்று கேட்டார் ஹோகிம்.

"வாழ்த்துச் சொல்றாங்க" என்றார் மத்கரிம்.

எல்லோரும் கைதட்டினார்கள். போன் இன்னும் அவர் காதில்தான் இருந்தது.

"ஆமா" என்றாள் அனாஜான். "எல்லாரும் சொல்றோம்."

வைத்துவிட்டாள். மத்கரிம் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டாவது கையையும் சக்கரத்தில் வைத்தார்.